கனவில் ஒரு நாடு சமைத்த ரொக்கேயா அம்மையார்

இராயபுரத்தினின்று கடலோரமாக வடக்கு நோக்கிச் செல்வார் காசிமேட்டு மீன்துறையையும் திருவொற்றியூர்க் கோபுரத்தையும் கடந்து எண்ணூர்க் கழிமுகத்தை அடைவர். தென்னாட்டின் முதற் புகைவண்டி 1856-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் நாளன்று இராயபுரத்தினின்றே வாலாஜாவை நோக்கிப் புறப்பட்டது. அக்காலத்தே இக்கரைக்கு வந்த நிலக்கரி இன்றளவும் இதனை விட்டு நீங்கவில்லை. துறைமுகத்தில் இறங்கிய கரியின் தூள் இராயபுரத்து வீடுகளின் வெள்ளைச் சுவர்களைப் பல்லாண்டு கறுப்பித்தது. 2011-ஆம் ஆண்டில் நீதிமன்ற ஆணையால் கரிக்கப்பல்கள் எண்ணூர்த் துறைக்கு மாறின. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970 முதல் 2017 வரை எரிந்து அவிந்தது. அதற்கு வடக்கே அத்திப்பட்டில் 1994-இல் தொடங்கிய நிலையமோ இன்றும் எரிகின்றது. அதன் சாம்பற் குழம்பு கொசத்தலையாற்றில் கலத்தலால் இறாலும் நண்டும் அருகின என்று அங்குள்ள மீனவர் முறையிடுகின்றனர்.

இவ்வழியே ஒரு மாலைப்பொழுதில் நடந்து செல்லும் மாணாக்கர் ஒருவர்க்கு, இவ்வுலைகளெல்லாம் கரியின்றி எரியுமாயின் இக்கரை எவ்வாறிருக்கும் என்னும் எண்ணம் தோன்றுதல் இயல்பே. அவ்வளவோடு நின்றுவிடின் அது வெறும் ஆசை. கரியில்லையேல் கரிக்கப்பல் எதற்கு? கப்பல் வாராதேல் அதனை நம்பிப் பிழைக்கும் கூலியாளர் யாது செய்வர்? வெப்பத்தை எங்ஙனம் சேமிப்பது? அதனை வீடுதோறும் அளந்து வழங்குவார் யார்? அவரை ஆள்வார் யார்? இங்ஙனம் ஒன்றிலிருந்து ஒன்றாக அவர் வினவிச் செல்வாராயின், ஓர் உலகத்தைச் சமைக்கத் தொடங்கிவிட்டார் என்றே சொல்லலாம்.

இப்பொழுது நம் கலாசாலை மாணாக்கர் பலர் விஞ்ஞானப் பெருங்கதைகளில் மிக்க விருப்பம் கொண்டுள்ளனர். வேற்று மண்டலங்களும் ஆயிரம் ஆண்டு அரசுகளும் நிறைந்த அந்நூல்களைப் பெரியோர் சிலர் பொய்ம்மூட்டை என்று தள்ளிவிடுகின்றனர். யாம் அவ்வாறு கருதுகின்றிலோம். பொய்யாயினும் அதற்கு ஒரு நியாயம் உண்டு. அந்நியாயம் பிழைத்தால் கதை வீழும். ஆங்கில ஆசிரியர் வெல்ஸ் இதனை நன்கு அறிந்திருந்தார். ஒரு கதைக்கு ஒரு வியப்பே அமையும் என்பதும், எதுவும் நிகழலாம் என்று விட்டுவிட்டால் எதிலும் சுவை இராது என்பதும் அவர் கொள்கை. அமெரிக்கரான பிராங்க் ஹெர்பெர்ட் 1965-இல் வெளியிட்ட பாலைநிலப் பெருங்கதையில், நீரில்லாமை என்னும் ஒரே விதியிலிருந்து அம்மண்டலத்து மாந்தரின் உடையும், ஈமச் சடங்கும், போர்முறையும், வழிபாடும் பிறக்கின்றன. நம்மவர்க்கு இது புதிதன்று. கம்பர் தம் காப்பியத்தில் முதலில் ஆற்றை ஓடவிட்டு, அவ்வாற்றால் நாட்டை விளைவித்து, அந்நாட்டால் நகரை எழுப்பிய பின்னரே அரசனை அரியணையில் இருத்துகின்றார். அவர் இரவில் எழுதுங்கால் வட்டப்பாறை அம்மனே பந்தம் பிடித்தாள் என்று திருவொற்றியூரில் ஒரு செவிவழிச் செய்தி வழங்குகின்றது. ஒளி யார் பிடித்தாராயினும், ஆறு முன்னும் அரசன் பின்னுமாக வைத்த முறை கம்பருடையதே.

இந்நியாயத்தை முற்ற உணர்ந்து, விஞ்ஞானத்தைக் கருவியாகக் கொண்டு ஒரு நாட்டைச் சமைத்த இந்தியப் பெண்மணி ஒருவர் இருந்தார். அவர் வங்க நாட்டினர். எனினும் அவர் சமைத்த நாடு முதன்முதல் அச்சேறியது நம் சென்னையிலேதான். ரொக்கேயா சகாவத் ஹொசேன் என்னும் அவ்வம்மையாரின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாக எழுதப் புகுகின்றோம்.

இவர் 1880-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள், இப்பொழுது வங்காளதேசத்தைச் சார்ந்த இரங்கபுரி மாவட்டத்துப் பைராபந்து என்னும் ஊரில் ஒரு ஜமீன்தார் குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் பல மொழி பயின்றவர். ஆயினும் பெண்மக்கள் திருமறை ஓதுதற்கு வேண்டுமளவு கற்றால் போதும் என்றும், வங்காளமும் ஆங்கிலமும் அவர்க்கு ஆகா என்றும் எண்ணியவர். கோஷா முறை அவ்வீட்டில் மிகக் கடுமையாக நிலவியது. நம் சென்னையில் 1885-இல் கோஷாப் பெண்டிர்க்கென மருத்துவமனை ஒன்று தோன்றியமையால் அச்சொல் சென்னையார்க்குப் பழகியதொன்றே. ஆனால் பைராபந்திலோ ஆடவரினின்று மறைவது மட்டும் போதாது. அயற்பெண்டிரினின்றும் மறைதல் வேண்டும். ஐந்து வயதுச் சிறுமியாகிய ரொக்கேயா, வெளியூர்ப் பெண்கள் வீட்டிற்கு வருந்தோறும் கட்டிலின் கீழும் அடுக்களை மூலையிலும் ஓடி ஒளிந்ததைப் பிற்காலத்தில் தாமே எழுதி வைத்துள்ளார்.

வீடு முழுவதும் உறங்கிய பின்னர், அண்ணன் இப்ராகிம் சாபேர் மெழுகுவத்தி ஒன்றை ஏற்றி வைத்துத் தங்கைக்கு ஆங்கிலம் கற்பித்தார். தமக்கை கரீமுன்னிஸா வங்காளம் பயில ஊக்கினார். பகலில் இல்லாத கல்வி இரவில் நிகழ்ந்தது. ஒரு வீட்டின் விதிகள் எத்தகையன, அவ்விதிகளில் எவ்விடத்தே இடுக்கு உள்ளது என்பதைச் சிறு பருவத்திலேயே உள்ளிருந்து கற்றவர் இவர். கதையில் நாடு சமைப்பார்க்கு இதனினும் சிறந்த பயிற்சி வேறுண்டோ என்று யாம் ஐயுறுகின்றோம்.

ஏறத்தாழப் பதினெட்டாம் வயதில், பாகல்பூரில் டெபுடி மாஜிஸ்டிரேட்டாக இருந்த சையது சகாவத் ஹொசேன் என்பாரை மணந்தார். அவர் மனைவியை இழந்தவர். வயதில் மிக மூத்தவர். உருது பேசும் குடியினர். இங்கிலாந்து சென்று வந்தவர். மனைவியின் கல்வியை வெறுக்காததோடு, ஆங்கிலத்தில் எழுதவும் தூண்டினார். இருவர்க்கும் பிறந்த பெண்மக்கள் இருவரும் குழவிப் பருவத்திலேயே இறந்தனர். 1902 முதல் அம்மையாரின் வங்காளக் கட்டுரைகள் பத்திரிகைகளில் வெளிவரலாயின.

ஒருகால் கணவர் அலுவல்முறையாகச் சுற்றுப்பயணம் சென்றிருக்க, அம்மையார் தனிமையில் பொழுதுபோகாமல் ஆங்கிலத்தில் ஒரு கதை எழுதினார். திரும்பி வந்த கணவர் அதனை நின்றபடியே முழுதும் படித்து முடித்து, இது கொடிய பழிவாங்கல் என்று வியந்து கூறினாராம். அக்கதை 1905-ஆம் ஆண்டில் சென்னை "இந்தியன் லேடீஸ் மேகஸின்" என்னும் பத்திரிகையில் வெளியாயிற்று. இந்தியப் பெண்டிர்க்கெனக் கமலா சத்தியநாதன் என்னும் கிறிஸ்தவ அம்மையார் 1901-இல் தொடங்கி நடத்திய ஆங்கில மாதப் பத்திரிகை அது. வங்காளத்து இஸ்லாமியப் பெண்மணி எழுத, சென்னைக் கிறிஸ்தவப் பெண்மணி அச்சிட்ட அச்சிறுகதையின் பெயர் "சுல்தானாவின் கனவு." பின்னர் 1908-இல் அது தனிநூலாயிற்று.

கதையைச் சுருங்கச் சொல்லுவோம். சுல்தானா என்பாள் ஒரு மாலை சாய்வு நாற்காலியில் இந்தியப் பெண்டிர் நிலைமையை நினைந்தவாறே கண்ணயர்கின்றாள். சாரா என்னும் தோழி போன்ற ஒருத்தி வந்து அவளை வெளியே அழைத்துச் செல்கின்றாள். பட்டப்பகலில் தெருவில் நடக்கின்றோமே என்று சுல்தானா நாணிக் குறுக, எதிரே வரும் பெண்கள் அவள் ஆடவரைப்போல இருக்கின்றாள் என்று நகைக்கின்றனர். அந்நாட்டில் அச்சமும் நாணமும் ஆடவர்க்கு உரியன! ஆடவரெல்லாரும் வீட்டினுள்ளே அடைபட்டுச் சமைத்துக்கொண்டும் குழந்தைகளைப் பேணிக்கொண்டும் இருக்கின்றனர். தெருவெங்கும் பசும்பாசி விரித்தாற்போன்ற பூங்கா. அடுக்களையில் கரியும் இல்லை, புகையும் இல்லை. குழாய் வழியே வரும் ஞாயிற்றின் வெப்பத்தால் சோறு வேகின்றது.

இவையெல்லாம் எங்ஙனம் வந்தன என்பதற்கு அம்மையார் காரணம் காட்டும் திறமே நாம் உற்று நோக்கத் தக்கது. அந்நாட்டு அரசி விஞ்ஞானத்தில் விருப்பமுடையவள். பெண்டிர் யாவரும் கற்க வேண்டும் என்றும், இருபத்தொரு வயதிற்கு முன் எவளும் மணத்தல் கூடாது என்றும் ஆணையிட்டாள். பெண்டிர்க்கு இரண்டு சர்வகலாசாலைகள் எழுந்தன. ஒன்று, மேகத்திற்கு மேலே பலூனை மிதக்கவிட்டுக் குழாய்களால் நீரை ஈர்த்துக்கொள்ளும் வழி கண்டது. மற்றொன்று, தானும் ஏதேனும் செய்தல் வேண்டும் என்னும் போட்டியால், ஞாயிற்றின் வெப்பத்தைத் திரட்டிச் சேமிக்கும் கருவியைக் கண்டது. மேகத்து நீர் ஓயாமல் வாங்கப்பட்டமையால் மழையும் புயலும் நின்றன. மழை நின்றமையால் சேறில்லை. வேண்டும்பொழுது வேண்டுமளவு நீர் வயலுக்குப் பாய்கின்றது. புகைவண்டியும் இல்லை, ஆகவே அதனால் நேரும் விபத்தும் இல்லை, பயணம் வான்வழியே. ஒவ்வொன்றும் மற்றொன்றைத் தாங்கி நிற்கின்றது. ஒரு கல்லை உருவினால் சுவர் சரியும்.

இக்கருவிகளைக் கண்டு ஆடவர் எள்ளி நகையாடினர். தாம் படைக்கலம் பெருக்குவதிலேயே முனைந்திருந்தனர். பின்னர் அயல்நாட்டரசன் ஒருவன் படையெடுத்தான். ஆடவர் படை தோற்றது. அரசி அவையைக் கூட்டினாள். வெப்பத்தைச் சேமித்த சர்வகலாசாலைத் தலைவி தன் இரண்டாயிரம் மாணவியரோடு போர்க்களம் செல்ல உடன்பட்டாள்; ஆனால் பெண்கள் வெளியே வருமுன் ஆடவர் உள்ளே போதல் வேண்டும் என்றாள், கோஷாவைக் காக்கும் பொருட்டு! தோற்றுச் சோர்ந்திருந்த ஆடவரும் மறுக்காமல் உள்ளே புகுந்தனர். மாணவியர் திரட்டிய வெப்பத்தைப் பகைவர்மீது செலுத்த, அவர் படைக்கலங்களை எறிந்துவிட்டு ஓடினர். அடுக்களையில் சோறாக்கிய அதே வெப்பம்தான் களத்தில் நாட்டைக் காத்தது. போருக்கென்று புதுக் கருவி எதனையும் ஆசிரியர் வரவழைக்கவில்லை. பெருங்கதை எழுதுவார் பலர், இடுக்கண் வந்தவிடத்து முன்னே சொல்லாத ஆற்றல் ஒன்றைத் திடீரெனத் தோற்றுவித்துத் தப்பித்துக்கொள்வர்; இருபத்தைந்து வயது நிரம்பாத இவ்வம்மையார் அவ்வாறு செய்யவில்லை.

உள்ளே சென்ற ஆடவர் சில நாளில் வெளியே வர விரும்பினர். தோற்றவர் படைத்தலைவரே, தாங்கள் கடமை தவறவில்லையே, ஆதலின் தங்களை மீண்டும் அலுவலில் அமர்த்துக என்று போலீஸ் கமிஷனர்களும் மாஜிஸ்டிரேட்டுகளும் அரசிக்கு விண்ணப்பம் செய்தனராம். வேண்டும்பொழுது சொல்லியனுப்புவோம், அதுவரை இருந்தவிடத்தே இருங்கள் என்று மறுமொழி சென்றது. மாஜிஸ்டிரேட்டின் மனைவி எழுதிய கதை என்பதை நினைவில் கொண்டு இப்பகுதியைப் படித்தல் வேண்டும். அதனை நின்றபடியே படித்து மகிழ்ந்த சகாவத் ஹொசேன் உண்மையிலேயே பெருந்தகையர்!

அந்நாட்டில் நாளொன்றுக்கு இரண்டு மணி நேரமே வேலை. இஃது எப்படிக் கூடும் என்று வினாவிய சுல்தானாவிற்குச் சாரா கணக்குக் காட்டுகின்றாள். ஆடவன் அலுவலகத்தில் ஏழு மணி நேரம் இருக்கின்றான்; சுருட்டு ஒன்று எரிய அரைமணி; நாளொன்றுக்குப் பன்னிரண்டு சுருட்டு; ஆகவே ஆறு மணி நேரம் புகையாய்ப் போயிற்று. நகைச்சுவைதான், எனினும் கணக்கு. வானவூர்தியிலும் இக்கணக்கு உண்டு. சதுரப் பலகையொன்றில் இருக்கைகளைத் திருகிப் பொருத்தி, ஹைட்ரஜன் அடைத்த உருண்டைகள் இரண்டினைச் சாரா பூட்டுகின்றாள். தூக்கவேண்டிய பாரத்திற்கேற்ப வெவ்வேறு அளவில் உருண்டைகள் உண்டு என்கின்றாள். மின்னாற்றலால் இயங்கும் சிறகுகள் அதனைச் செலுத்துகின்றன.

பௌதிகம் பயிலும் நம் மாணாக்கர் இவ்விடத்தே தடுத்துக் கேட்பர். ஒரு கன மீட்டர் ஹைட்ரஜன் தூக்கும் பாரம் ஒரு கிலோகிராமிற்குச் சற்றே மிகுதி. பெண்டிர் இருவரும் பலகையும் சேர்ந்து 130 கிலோகிராம் எனக் கொண்டால், ஒவ்வோர் உருண்டையும் ஏறத்தாழ ஐந்து மீட்டர் குறுக்களவு உடையதாதல் வேண்டும். சாராவின் கையால் பூட்டத்தக்க உருண்டை அவ்வேலைக்குப் போதாது. ஞாயிற்றின் வெப்பமும் அத்துணை எளிதில் கைவருவதன்று. நண்பகலில் ஒரு சதுர மீட்டரில் விழும் வெயிலின் ஆற்றல் ஏறத்தாழ ஒரு கிலோவாட். 450 மெகாவாட் திறனுடையதாயிருந்த எண்ணூர் நிலையத்தின் அளவு ஆற்றலை, சிறிதும் வீணாக்காது வெயிலிலிருந்து பெறுவதாயினும் நூற்றுப் பத்து ஏக்கருக்கு மேல் நிலம் வேண்டும். வீணாவதையும் இரவையும் மேகத்தையும் கணக்கிட்டால் அதனினும் பன்மடங்கு. கனவு நாட்டில் இத்துணை நிலத்தை எங்கே விரித்தனர் என்று அம்மையார் சொல்லவில்லை.

ஆயினும் அக்காலத்தை எண்ணிப் பார்த்தால் அவரது துணிவு விளங்கும். பிரெஞ்சு நாட்டார் மூஷோ என்பவர் 1878-இல் பாரிஸ் கண்காட்சியில் ஞாயிற்றின் வெப்பத்தால் இயந்திரத்தை ஓட்டிக் காட்டினார். அதே ஆண்டில் பம்பாயில் வில்லியம் ஆடம்ஸ் என்பார் வெப்ப நாடுகளில் விறகிற்கும் கரிக்கும் மாற்றாக வெயிலைக் கொள்ளலாம் என்று ஒரு நூல் எழுதினார். அமெரிக்கச் சகோதரர் இருவர் விமானத்தில் முதன்முதல் எழும்பியது 1903-இல். கதை தோன்றிய 1905-இலோ இந்திய நகர்களுட் பெரும்பாலானவற்றில் மின்விளக்கே அரிது. புகையற்ற அடுக்களையை அறிஞர் எவரும் அன்று நாட்டின் முதற்கேள்வியாகக் கருதவில்லை. அடுக்களையில் அமர்ந்தவரே அதனைக் கருதினார். மேகத்தினின்று நீர் வாங்கும் பலூனைப் படித்து நகைப்பவர், 2010 முதல் எண்ணூர்க்கு வடக்கே காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்குப் பத்துக்கோடி லிட்டர் அளவிற்குக் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் இருத்தலையும் ஒருகால் சென்று காண்க. சென்னையில் பலர் இன்று குடிப்பது அந்நீரே.

கணக்கிற் காணும் பிழையினும் பெரிதாக எமக்குத் தோன்றும் குறை வேறொன்று. கூலி வேலை செய்யும் பெண் ஒருத்தியேனும் அக்கனவில் முகங்காட்டவில்லை. காசிமேட்டில் விடியற்கு முன்னரே கூடையோடு ஏலத்திற்கு நிற்கும் பெண்டிர்க்குக் கோஷாவும் இல்லை. இரண்டு மணி நேர வேலையும் இல்லை. அவர் தெருவில் நடப்பதனால் மட்டும் விடுதலை பெற்றவராகிவிடவில்லை. பெரிய வீட்டின் உட்கட்டில் இருந்து எழுதியவர்க்கு, கூடை சுமப்பாரின் உலகம் கண்ணிற்படவில்லை போலும். ஆடவரை அடைத்து வைத்தல் நீதியோ என்று கேட்பாரும் உளர். அதற்கு எமது விடை வேறு. அஃது அம்மையார் விரும்பிய சட்டமன்று. தம்மைச் சுற்றியிருந்த சட்டத்தைக் கண்ணாடியிற் காட்டியதே. இடம் வலமாக மாறியதேயன்றி உருவம் மாறவில்லை. அதனைக் கண்டு இது கொடுமை என்று சினப்பவர், அச்சினத்தைத் தம் வீட்டுக் கதவின்மீதும் செலுத்தக் கடமைப்பட்டவராகின்றார். பத்தாண்டு கழித்து, 1915-இல், அமெரிக்காவில் சார்லட் பெர்க்கின்ஸ் கில்மன் அம்மையாரும் பெண்டிரே வாழும் நாடொன்றைக் கதையாக எழுதினார். அங்கே ஆடவரே இல்லை. ஆகவே இக்கண்ணாடியும் இல்லை.

1909-ஆம் ஆண்டில் கணவர் இறந்தார். பெண்கள் பள்ளிக்கென்று அவர் பதினாயிரம் ரூபாய் ஒதுக்கியிருந்தார். அவ்வாண்டே அம்மையார் பாகல்பூரில் ஐந்து மாணவியரோடு பள்ளியைத் தொடங்கினார். குடும்பத்துச் சொத்துப் பூசலால் அவ்வூரில் இருத்தல் இயலாதாயிற்று. கல்கத்தா சென்று, 1911-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், வாடகை வீடொன்றில் எட்டு மாணவியரோடு மீண்டும் தொடங்கினார். கணவர் பெயரால் அமைந்த சகாவத் நினைவுப் பெண்கள் பள்ளி அதுவே.

இங்கே அரசி இல்லை. கனவு நாட்டில் ஓர் ஆணையால் எல்லாப் பெண்களும் பள்ளி புகுந்தனர். கல்கத்தாவில் அம்மையார் தாமே கோஷா உடை அணிந்து வீடுவீடாகச் சென்று, பெண்ணை அனுப்புமாறு பெற்றோரை இரந்து நின்றார். அவருடைய கதையில் நாம் காணக்கூடிய மிகப் பெரிய இடுக்கு இதுவே என்போம். முதற்கல்லாக அவர் வைத்தது ஞாயிற்றின் வெப்பத்தையன்று. ஆணையிட வல்ல அரசி ஒருத்தியை. அவளை எடுத்துவிட்டால் எஞ்சுவது யாது? இதனைப் பிறர் எவரும் வினவுமுன் அவர் வாழ்க்கையே அவரை வினவிற்று.

பள்ளிக்கு மாணவியரை ஏற்றிவரும் மோட்டார் வண்டியின் கதையை அவர் தம் "அபரோத்பாசினி" என்னும் நூலில் எழுதியுள்ளார். கோஷாவால் நிகழ்ந்த நாற்பத்தேழு நிகழ்ச்சிகளைத் திரட்டி 1931-இல் வெளியிட்ட நூல் அது. அவற்றுட் சில சிரிப்பூட்டுவன, சில நெஞ்சைப் பிளப்பன. அப்பள்ளி வண்டி, காற்றுப் புகுதற்குச் சிறிது வலைத்துளையன்றி நாற்புறமும் அடைக்கப்பட்டிருந்தது. முதல் நாளே சிறுமியர் இருட்டிற்கு அஞ்சி அழுதனர், சிலர் வாந்தியெடுத்தனர், சிலர் மயங்கி வீழ்ந்தனர். பெற்றோர் குறை கூறினர். அடைப்பை நீக்கித் துணித்திரை இட்டனர். அத்திரை காற்றில் அசைகின்றது, கோஷா கெட்டது, திருத்தாவிடில் பத்திரிகையில் எழுதிவிடுவோம் என்று அச்சுறுத்தும் கடிதங்கள் வந்தன. அடைத்தால் குழந்தைகள் மயங்குவர். திறந்தால் பள்ளி மூடப்படும். வானவூர்தியைக் கனவிற் கண்டவர், ஒரு வண்டியின் திரை எத்தனை விரற்கடை அசையலாம் என்று இரவெல்லாம் எண்ணவேண்டியதாயிற்று.

அவர் திரையை முற்றும் கிழித்தெறியவில்லை. கிழித்திருப்பின் மறுநாள் வகுப்பறை வெறுமையாகியிருக்கும். தாமும் கோஷா உடையை விடவில்லை. கொள்கைக்கு ஊறு செய்தார் என்று இதனைக் குறை கூறுவாரும் உண்டு. யாம் அவ்வாறு கூறத் துணியோம். உடலை மறைக்கும் ஆடை வேறு, உயிரை அடைக்கும் சிறை வேறு என்பது அவர் கருத்து. தம் தொடக்கக் கட்டுரைகளிலேயே இவ்வேறுபாட்டை விளக்கியுள்ளார். அன்றியும், கதையில் விதிகளை வகுத்தவர் அவர். கல்கத்தாவில் விதிகளை வகுத்தவர் பிறர். பிறர் வகுத்த விதிக்குள் நின்று, எட்டுப் பெண்களைப் பதினாறாக்குதல், இரண்டாயிரவரைக் களத்திற்கு அனுப்புதலினும் அரிய செயல் என்றே எமக்குப் படுகின்றது. பள்ளி மெல்ல மெல்ல வளர்ந்து உயர்தரப் பள்ளியாயிற்று. 1916-இல் இஸ்லாமியப் பெண்டிர்க்கெனச் சங்கம் ஒன்றும் நிறுவினார். ஏழைப் பெண்களின் கல்விக்கும் கைம்பெண்களின் பிழைப்புக்கும் அது உதவிற்று. முன் கூறிய கூடைக்காரப் பெண்டிர் அம்மையாரின் கண்ணிற் பட்டது இக்காலத்தேதான் என்று நாம் கொள்ளலாம்.

1924-இல் "பத்மராக்" என்னும் வங்காள நாவலை வெளியிட்டு அண்ணனுக்கு உரிமையாக்கினார். அதிலும் ஓர் உலகம் உண்டு. ஆனால் அது நாடன்று, ஒரு வீடு. தாரிணி பவனம் என்னும் அவ்வீட்டில் பள்ளியும், மருத்துவ நிலையமும், கைத்தொழிற்சாலையும் உள்ளன. கணவரால் கைவிடப்பட்டோரும், கைம்பெண்டிரும், இந்து, பிரம்ம சமாஜம், கிறிஸ்தவம், இஸ்லாம் என்னும் பல சமயத்தாரும் அங்கே ஒன்றாக உழைத்து உண்கின்றனர். அரசியும் இல்லை, ஞாயிற்று வெப்பமும் இல்லை. கணக்குப் புத்தகம் உண்டு, தையல் உண்டு, பெற்றோரின் முறையீட்டுக் கடிதங்களும் உண்டு! "சுல்தானாவின் கனவு" படிப்பார் நூற்றுவர்க்கு "பத்மராக்" படிப்பார் ஒருவர் இரார். ஆயினும் முன்னதை எழுதியவர் பதினைந்து ஆண்டு பள்ளி நடத்திய பின்னர் அதே கேள்விக்கு வெளியிட்ட இரண்டாவது விடை இது என்பதை அறிந்து படிப்பார்க்கு இதன் அருமை புலப்படும். வானினின்று இறங்கிய அவ்வுலகம் இப்பொழுது வாடகை கொடுத்து நிற்கின்றது.

வாழ்வின் இறுதி ஆண்டுகளில் அவர்க்கு ஒரு நல்வாய்ப்பு நேர்ந்தது. கல்கத்தாவில் விமானமொன்றில் ஏறி ஐம்பது மைல் பறந்தார். பலகையும் உருண்டையுமாகத் தாம் ஒருகால் பூட்டிய ஊர்தி, இரும்பும் எண்ணெயுமாக உண்மையிலே எழும்பி, தம்மைத் தூக்கிக்கொண்டு சென்றதைக் குறித்து வங்காளத்தில் ஒரு கட்டுரையும் எழுதினார். கனவில் சுல்தானா அவ்வூர்தியினின்று தவறி வீழ்ந்தே விழித்தெழுகின்றாள். அம்மையாரோ நலமே தரையிறங்கினார்.

1932-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் விடியலில், பிறந்த நாளன்றே, ஐம்பத்திரண்டாம் வயதில் அவர் காலமானார். முதல்நாள் இரவு பதினொரு மணி வரை எழுதிக்கொண்டிருந்தார் என்பர். பெண்டிரின் உரிமை என்று தலைப்பிட்ட கட்டுரை முடிவுறாமல் மேசைமீது கிடந்தது. அவர் நிறுவிய பள்ளி பின்னர் அரசினர் பள்ளியாகி, கல்கத்தாவில் இன்றும் நடைபெறுகின்றது.